இரண்டு வாரத்து அக்காக்கள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், வெயில் பாராமல் அவர்களோடு ஓடி விளையாடினார்கள். காலை ஜெபத்தில் குழுத் தலைவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்லை நானும் 'ஆதரவற்ற பிள்ளைகள்' என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதுவரை வந்துபோன அக்கா அண்ணன்மார் பெயர்களையெல்லாம் விரல்கணுவில் எண்ணி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். எமிலி அக்கா, ஜோஷ் அண்ணா, சாரா அக்கா, பென் அண்ணா என்று பதினேழு பெயர் வந்தது.

"உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அம்மா, ஆயா, ரெண்டு தம்பிங்க. நெல்லிவாசல்ல இருக்காங்க. அப்பா காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்காரு."

காலையிலிருந்து நான் செய்த மொழிபெயர்ப்பு தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயம் பற்றி எது கண்ணில் பட்டாலும் படித்துவருகிறேன். வெளிநாட்டு மிஷன் குழுக்கள் நம் ஊர் இல்லங்களுக்கு வருவது நல்லதா, கெட்டதா என்று கேட்பவர்களிடம் முதலில் வேறொன்றைக் கேட்கத் தோன்றுகிறது. தாயும் வீடும் இருக்கிற பிள்ளை இல்லத்துக்கு வந்தது ஏன்?

நெல்லிவாசல்நாடு ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஊராட்சி. வேலூரிலிருந்து 2019-ல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல்நாடு என்ற மூன்றும் மலைமேல் அடுத்தடுத்து இருக்கின்றன. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுப்பைத்தான் மலையில் 'நாடு' என்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் உள்ள மலையாளி மக்கள் வாழும் இடம் இது. கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பல மலைகளிலும் வாழும் இம்மக்களின் பொதுவான கதை.

மானாவாரி நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விளையும். அது வருஷம் முழுவதும் வயிற்றை நிரப்பாது. அதனால் குடும்பத்தோடு கீழே இறங்குகிறார்கள். கர்நாடக, கேரளக் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் திருப்பூர் மில்களுக்கும் போகிறார்கள். தோட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் படிப்பு போயிற்று. விட்டுவிட்டுப் போனால் வயதான ஆயாவோடு ஒற்றை அறை வீட்டில் கிடக்கவேண்டும். இன்னொரு வேலையும் இருந்தது. ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் இந்த மலையடிவாரத்தில் பல ஆண்டுகள் சுற்றினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலைப் பகுதியையும் தருமபுரிச் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள் பலர். அப்பனைப் பறிகொடுத்த, அப்பன் சிறையில் இருக்கிற பிள்ளைகள் பல சிற்றூர்களிலும் சேர்ந்துபோனார்கள். அம்மா உயிரோடு இருக்கிறாள். கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலைமேல் உண்டு. இருந்தும் 'கீழே' இருக்கும் ஹாஸ்டல் மேல் மலைக்காரர்களுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. மூன்று வேளைச் சோறு, நேரம் தவறாத வாத்தியார், கொஞ்சம் இங்கிலீஷ். ஜூன் மாதம் பாஸ்டர் ஐயா ஜீப்பில் வந்து "புள்ளைய நான் பாத்துக்கிறேன், அனுப்பு" என்றால், அனுப்பாத தாயைத்தான் ஊர் குறை சொல்லும். பிள்ளையைக் கைவிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தன்னால் தரமுடியாத படிப்பு கிடைக்கட்டும் என்று அனுப்புகிறாள். அவள் 'போர்டிங்' என்று நினைத்து அனுப்பிய இடம், கடல் தாண்டிப் போகும் கடிதத்தில் 'அனாதை இல்லம்' ஆகிவிடுகிறது. போர்டிங்குக்கு யாரும் விமானம் ஏறி வரமாட்டார்கள். அனாதை இல்லத்துக்கு வருவார்கள்.

நாடு முழுவதும் இதே கதைதான் என்று எண்ணிக்கைகள் சொல்கின்றன. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 9,589 இல்லங்கள் பதிவாயின. அவற்றில் ஏறக்குறைய 3.7 லட்சம் குழந்தைகள் இருந்தார்கள். அனாதைகள் எனக் குறிக்கப்பட்டவர்கள் சுமார் 41,700 பேர். தாய் அல்லது தந்தை மட்டும் உள்ள பிள்ளைகள் 1.2 லட்சம் பேர். உலக அளவிலும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-லேயே எழுதியது.

வெளிநாட்டுக் கிறிஸ்தவர்களின் கை தமிழ்ப் பிள்ளைகளின் தலைமேல் பட்டது நேற்று இன்றல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்து அனாதை இல்லப் பள்ளியைப் பார்த்துப் பழகியவர். வந்த கொஞ்ச காலத்திலேயே பிள்ளைகளைத் தங்கவைத்துச் சோறுபோட்டுப் படிக்கவைத்தார். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் வேலை செய்த அமெரிக்க மிஷன் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. அமெரிக்காவில் ஒரு குடும்பமோ சபையோ ஒரு யாழ்ப்பாணப் பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அவர்கள் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'ஆர்னல்ட்' அப்படி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளையின் 'கறல்' என்பதும் அந்த வழக்கத்தின் அடையாளந்தான். இன்றைய ஸ்பான்சர் அட்டைக்கு இருநூறு வயது ஆகிறது.

அந்தப் பள்ளிகள் உருவாக்கிய மனிதர்களை நினைத்தால், குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. வட்டுக்கோட்டைச் செமினரியும் உடுவில் பெண்கள் பள்ளியும் இல்லாத யாழ்ப்பாணத்தைக் கற்பனை செய்யமுடியாது. தமிழ்நாட்டிலும் ஊர்த்தெருவில் நடக்க விடாத காலத்தில் போர்டிங்கில் சேர்ந்து ஆசிரியராக, நர்ஸாக வெளியே வந்த தலித் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் ஒருவரிடம் போய், 'விடுதி வாழ்க்கை உங்களைக் கெடுத்தது' என்று என்னால் சொல்லமுடியாது. பெயரை மாற்றினார்கள், தாய்வீட்டிலிருந்து பிரித்தார்கள் என்பதும் உண்மை. படிக்கவைத்தார்கள் என்பதும் உண்மை.

ஆனால் அன்று வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. வட அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் 1901 முதல் குழந்தைகளை வளர்த்தார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. டோனாவூரில் யாரும் 'மிஸ்', 'மேடம்' இல்லை. வளர்க்கும் தமிழ்ப் பெண்கள் 'அக்காள்', வெளிநாட்டுப் பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி'. சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டால் அடுப்பைப் பற்றவைக்கிறவள். அந்த முறையைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் அதற்குரிய கடமையும் வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லறைக்குக் கல் நட வேண்டாம் என்று ஏமி சொல்லியிருந்ததால், அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை அதில் பொறித்தார்கள். ஏமியின் வழிமுறைகள் மேல் அன்றைக்கே சண்டை இருந்தது, வழக்கும் இருந்தது. இருந்தாலும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவர் உரியவர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நெல்லிவாசலுக்குக் கீழே, திருப்பத்தூரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. தமிழரான மருத்துவர் சவரிராயன் யேசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து, வந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். தமிழ்க் கோயிற்கலைப் பாணியில் கட்டிய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. 1932-ல் சென்னையில் கதரோடு நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்துச் சாயத்தண்ணீரையும் பீய்ச்சியபோது, விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போயிற்று. ஊர் மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் பெரியண்ணன், சின்னண்ணன். மலையாளிகளின் ஆதிக் கதையில் வரும் அதே பெயர்கள் மலையடிவாரத்துக்கு வந்துசேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது. அடி வாங்குகிற இடத்திலும் கூட நின்ற பேட்டனுக்குச் சின்னண்ணன் என்ற பெயர் பொருந்துகிறது.

இன்று வரும் குழு வேறு வகை. விமானப் பயணம் மலிந்த பிறகு, குறிப்பாக 1990-களிலிருந்து, மேலைநாட்டுச் சபைகளில் குறுகியகால மிஷன் பயணம் என்பது கோடை விடுமுறையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அமெரிக்கச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போகிறார்கள் என்று மிஷனியல் ஆய்வாளர் ராபர்ட் பிரீஸ்ட் 2005-ஐ ஒட்டி மதிப்பிட்டார். இரண்டு வாரம், பத்து நாள், சிலபோது ஒரே வாரம். இந்த வழக்கத்தின் மேல் முதல் கல்லை எறிந்தவர்கள் வெளியாட்கள் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1968 ஏப்ரலில் மெக்ஸிகோவின் குவெர்னவாகாவில், தொண்டு செய்ய வந்து கூடியிருந்த அமெரிக்க இளைஞர்களைப் பார்த்து, தயவுசெய்து வராதீர்கள் என்ற பொருளில் கடுமையாகப் பேசிய இவான் இலிச் ஒரு கத்தோலிக்கக் குரு. ஹோண்டுராசை 1998-ல் மிட்ச் புயல் அடித்துப்போட்ட பிறகு நடந்த வீடு கட்டும் பயணங்களை ஆராய்ந்த கர்ட் வெர் பீக்கும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்தான். பயணச் செலவையும் சேர்த்தால் வெளிநாட்டுக் குழு கட்டிய ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆனது. அதே வீட்டை உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் சுமார் 2,000 டாலரில் கட்டின. போய்வந்தவர்களின் வாழ்விலும் கொடையிலும் பெரிய, நிலைத்த மாற்றம் எதையும் அவர் காணவில்லை.

வீடு கட்டும் குழுவால் வீணாவது பணந்தான். பிள்ளைகளைக் கொஞ்ச வரும் குழுவிடம் அதைவிட மென்மையான ஒன்று கைமாறுகிறது. உளமருத்துவர் ஜான் பௌல்பி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்கி, குழந்தைக்கு மாறாத ஓர் ஆள் வேண்டும் என்பதை உளவியல் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ருமேனியாவில் புக்காரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வு இதை மறுக்கமுடியாதபடி காட்டியது. இல்லங்களில் இருந்த 136 சிறுகுழந்தைகளில் பாதிப்பேரைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவும் பாசப் பிணைப்பும் தேறின. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த தென்னாப்பிரிக்கக் குழந்தைகளைப் பார்க்க வரும் தொண்டர்களைப் பற்றி லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-ல் எழுதிய கட்டுரை இதை நேரடியாக நம் விஷயத்துக்குக் கொண்டுவந்தது. வந்தவர்களிடம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பிள்ளையை அன்பான பிள்ளை என்று நாம் நினைக்கிறோம். யார் மடியிலும் ஏறும் பழக்கம், நிலையான மடி கிடைக்காததன் அடையாளமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு குழு போகும்போதும் அந்தப் பிரிவு இன்னொரு முறை நடக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். புக்காரெஸ்ட் இல்லங்கள் கைக்குழந்தைகளை வரிசைத் தொட்டிலில் போட்டுவைத்த இடங்கள். நம் மலையடிவாரத்து ஹாஸ்டலில் இருப்பவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள். டியூக் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் வெட்டன் தலைமையில் இந்தியாவின் ஹைதராபாத், நாகாலாந்து உட்பட ஐந்து நாடுகளின் பகுதிகளில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு, ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் இல்லத்தில் வளர்பவர்கள் ஊரில் உறவினரோடு வளர்பவர்களைவிட மோசமாக இல்லை என்று கண்டது. ஆக எல்லா இல்லமும் நரகம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. உறவுக்காரர் வீட்டில் அடிபட்டுப் பட்டினி கிடப்பதைவிட நல்ல வார்டன் அம்மா நடத்தும் ஹாஸ்டல் மேல் என்ற நிலைமையையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆய்வு இல்லத்துக்குச் சாதகமாகப் பேசுகிறதே ஒழிய, இரண்டு வாரம் வந்துபோகும் குழுவுக்குச் சாதகமாகப் பேசவில்லை. அங்கே பிள்ளையைத் தாங்குவது வார்டன் அம்மா. அவர் சம்பளம் என்ன, எத்தனை பிள்ளைக்கு ஒருவர், அவர் வேலையை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்தோம் என்று கேட்ட வெளிநாட்டுக் குழுவை நான் பார்த்ததில்லை.

பணம் வரும் பாதையில் இல்லங்கள் முளைப்பது வெறும் பேச்சில்லை. நேபாளத்தில் பெரும்பாலான இல்லங்கள் காத்மாண்டு, போக்கரா, சித்வான் போன்ற சுற்றுலாப் பகுதிகளில் குவிந்திருக்கின்றன. பிள்ளைகள் வருவதோ தொலைதூர மலையூர்களிலிருந்து. கம்போடியாவில் 2005-க்குப் பிறகு ஐந்தே ஆண்டுகளில் இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார் என்று யுனிசெஃப் உதவியோடு நடந்த ஆய்வு சொன்னது. வெள்ளைக்காரர் வரும் பாதையில் பிள்ளை இருக்கவேண்டும் என்பதற்காகவே பிள்ளையைத் தேடிப் போனார்கள். ஆஸ்திரேலியா தன் 2018-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி இதை ஆட்கடத்தலின் ஒரு வகையாகவே கணக்கில் எடுத்தது. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் ஏற்ற குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் தொண்டுச் சுற்றுலா பிள்ளைகளுக்குச் செய்யும் கேட்டை வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

தமிழ்நாட்டின் பெயரும் இந்தக் கதையில் இருக்கிறது, பெருமைப்படும்படி இல்லை. மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று 2007-ல் 'தி இந்து'வில் வந்த கட்டுரையைச் சுட்டி ஒருவர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 2017 மே 5 அன்று நீதிபதி மதன் லோகுர் அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாகவேண்டும், சமூகத் தணிக்கை நடக்கவேண்டும், பிள்ளைகளை இல்லத்தில் அடைப்பதே ஒரே வழி என்று நினைக்கக்கூடாது என்றது தீர்ப்பு. மும்பை ஆங்கரேஜ் இல்லங்களில் பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் பிரிட்டிஷ்காரர் இருவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் மீண்டும் நிலைநாட்டியது. நான் பார்த்த தொண்டர்கள் யாரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. தூய மனத்தோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள். ஆனால் அவர்களுக்காகத் திறந்துவைக்கும் கதவு வழியாக யாரும் நுழையலாம் என்பதால்தான் கதவுக்குக் காவல் கேட்கிறோம்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்தவேண்டும். எந்த இல்லத்துக்குப் போகிறது, அல்லது வீட்டுக்கே திரும்புகிறதா என்பதைக் குழுதான் முடிவுசெய்யும். பாஸ்டர் ஐயாவின் ஜீப் முடிவுசெய்யக் கூடாது. பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். பல இடங்கள் 'நாங்கள் இல்லம் இல்லை, விடுதி' என்று சொல்லி இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கப் பார்க்கின்றன. விடுதிகளுக்கும் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் குழுக்களுக்குத் தெரியாத இன்னொன்று, இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74. பராமரிப்பில் உள்ள பிள்ளையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். தோளில் பிள்ளையைத் தூக்கிவைத்து எடுத்து அன்றிரவே முகநூலில் ஏற்றும் படம், அன்பின் பெயரால் நடக்கும் சட்டமீறல். மதப் பணிக்கு வருகிறவருக்குத் தனி மிஷனரி விசா உண்டு; சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது, அழைத்த சபையையும் சிக்கலில் மாட்டிவிடும்.

பணத்தின் கதை தனி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-இலும், பிறகு 2020 திருத்தத்திலும் இறுகியது. அந்தச் சட்டத்தின் நெருக்கடியால், ஏறக்குறைய 1,45,000 இந்தியப் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் பணம் அனுப்பிவந்த கம்பாஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டிலேயே இருந்து படித்தவர்கள் என்பதால் எனக்கு அதில் வருத்தம் உண்டு. குடும்பத்தைப் பிரிக்காமல் உதவும் வழி அடைபட்டது. ஆள் வந்து கொஞ்சிவிட்டுப் போகும் வழி திறந்தே இருந்தது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களின் இல்லப் பிள்ளைகளை நூறு நாளில் குடும்பங்களிடம் திருப்பி அனுப்பச் சொன்னது ஓர் அவசர முடிவு. வேலையும் இல்லாமல் சோறும் இல்லாமல் கொரோனாவில் முடங்கிக் கிடந்த வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பினால் அடுத்த ஜூனில் அது வேறொரு ஜீப்பில் ஏறும். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வீடு திரும்பிய பிள்ளைக்குப் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் தரச் சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு ஓர் அர்த்தம் வந்தது.

இப்போது வழி இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்ஸல்யா திட்டத்தில் வீட்டோடு வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. தமிழ்நாட்டின் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கி, பெற்றோரை இழந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 2,000 தருகிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 'சோத்துக்காக ஹாஸ்டல்' என்ற காரணத்தில் பாதியைக் கரைத்துவிட்டது. ஆனால் இவற்றையெல்லாம் வாங்க வருமானச் சான்று, இறப்புச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு வேண்டும். செம்மரக் காட்டில் செத்தவனுக்கு இறப்புச் சான்று வாங்க அவன் மனைவி எத்தனை முறை பஸ் ஏறவேண்டும் என்று மலையில் கேட்டுப்பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. விமானக் கட்டணம், விசா, தங்கல் சேர்த்து ஆளுக்கு ஒரு லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு லட்சம். மாதம் 4,000 வீதம் இருபத்தைந்து பிள்ளைகள் ஓராண்டு தங்கள் அம்மாவோடு இருந்து படிக்க அது போதும். இந்தக் கணக்கைச் சொன்னால், 'நாங்கள் போகாவிட்டால் எங்கள் சபை அந்தப் பணத்தைத் தராதே' என்பார்கள். அது உண்மையும்கூட. நேரில் பார்த்த பிறகுதான் பலரின் நெஞ்சு இளகுகிறது. அப்படியானால் பார்க்கட்டும், பிள்ளைகளை மடியில் வைத்தல்ல, மலையில். நர்ஸாக இருப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரோடு ஒரு மாதம் வேலை செய்யட்டும். ஆசிரியராக இருப்பவர் வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கணக்குத் தெரிந்தவர் இல்லத்தின் கணக்கைப் பார்க்கட்டும். கொத்துவேலை தெரியாத இருபது வயதுப் பிள்ளை சுவர் எழுப்பவேண்டாம். நெல்லிவாசலிலேயே வேலையில்லாத கொத்தனார் இருக்கிறார். கிறிஸ்தவ அமைப்புகளிலேயே ஃபெய்த் டு ஆக்‌ஷன் போன்றவை இந்தத் திசையில் சபைகளைத் திருப்பப் பல ஆண்டுகளாகப் பேசிவருகின்றன.

நம்மையும் விட்டுவிடக் கூடாது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கும் அப்பாவின் திவசத்துக்கும் 'ஹோமுக்குச் சாப்பாடு' போடும் வழக்கம் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. மதியம் பன்னிரண்டரைக்குப் பசித்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, இலைமுன் கைகூப்பி, யாரென்றே தெரியாத ஒருவருக்குப் 'பிறந்தநாள் வாழ்த்து' பாடி முடித்த பிறகுதான் பிரியாணி பரிமாறுவார்கள். வெளிநாட்டுக் குழு இரண்டு வாரம் செய்வதை நாம் ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டுப் போகிறோம். சோறு கொடுப்பது நல்லது. பணத்தைக் கட்டிவிட்டு, வராமல் இருப்பது இன்னும் நல்லது.

அந்த ஜூலை மாதத்துக்கே, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். மாதத்தில் அந்த ஒரு ஞாயிறுதான் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். காலை பஸ்ஸில் மலையிறங்கி வந்த ஆறேழு அம்மாக்கள் வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே குழுவுக்கு வழியனுப்பு விழா. நாடகம், கோலாட்டம், இங்கிலீஷ் பாட்டு, பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசுப் பொட்டலம், ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு படம். பதினொரு மணிக்குத் தொடங்கியது இரண்டரை ஆகியும் முடியவில்லை. நான் மேடையில் மைக்கைப் பிடித்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். விரல்கணுவில் பெயர் எண்ணிய சிறுமி இரண்டாம் வரிசையில் நின்று பாடினாள். கண் மட்டும் ஜன்னல் பக்கமே போய்வந்தது.

மூன்று மணிக்கு விட்டார்கள். அவள் அம்மா மடியிலிருந்து வறுத்த பலாக்கொட்டைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்தாள். விழாவுக்காகப் போட்டிருந்த ரிப்பனை அவிழ்த்து, கையோடு கொண்டுவந்த சின்ன பாட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றித் தேய்த்து, ஈர் எடுத்து, இறுக்கிப் பின்னினாள். பேசியது கொஞ்சந்தான். தம்பிக்குக் காது குத்தணும், ஆயாவுக்குக் கால் வீக்கம், அப்பா தீபாவளிக்கு வருவார். மூன்றேகாலுக்கு எழுந்தாள். "ஐயா, நாலு மணி வண்டி போயிருக்காதே?" என்று என்னைக் கேட்டாள். போயிருக்காது என்றேன். அன்று அவளிடம் நான் பேசிய ஒரே வார்த்தை அது.